சாதாரணமாகக் குடியிருப்பவர்

இந்தியாவில் ஒருவர் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறுவதற்குக் குடியுரிமையும் பதினெட்டு வயதும் மட்டும் போதா. அவர் அந்தத் தொகுதியில் ‘சாதாரணமாகக் குடியிருப்பவராக’ இருக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 19ஆம் பிரிவில் நிபந்தனை வைக்கிறது. இந்தச் சொற்றொடருக்கு நேரான இலக்கணம் எதையும் சட்டம் தரவில்லை என்றாலும், எது குடியிருப்பு ஆகாது என்பதை 20ஆம் பிரிவு ஓரளவு சொல்லிவிடுகிறது: ஓர் ஊரில் சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அவ்வூரில் குடியிருப்பவர் ஆகிவிடமாட்டார், தற்காலிகமாக வெளியூர் போயிருப்பதாலேயே குடியிருப்பை இழந்தவரும் ஆகமாட்டார். பெரும்பாலும் சொத்துள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலனிய வழக்கத்தை நினைத்துப் பார்த்தால், வீட்டுப் பத்திரத்தைக் கேட்காமல் வாழ்க்கை எங்கே நடக்கிறது என்று கேட்கும் இந்தச் சட்டத்தின் பெருந்தன்மை சிறிதன்று. ஆனால், அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கலாகாது என்கிறது. பதிவின்போது தெரிந்தே பொய் உறுதி தந்தால் ஓராண்டு வரை சிறை என்று 31ஆம் பிரிவு எச்சரிக்கிறது. ஆளுக்கு ஒரு வாக்கு என்ற நெறியைக் காக்க இவை தேவைதான். எனினும் இவற்றுக்கு அடியில், ஆளுக்கு ஒரு வாசல்தான் இருக்கும் என்றொரு கற்பனையும் கிடக்கிறது; அந்தக் கற்பனை தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கையோடு பொருந்துவதில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரத்திலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் மலைவரிசையே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லை. முகட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களாக விரிகிறது. ராமக்கல்மேட்டின் விளிம்பில் நிற்பவருக்குக் கோம்பையும் தேவாரமும் சூழ்ந்த பள்ளத்தாக்கு காலடியில் கிடக்கும். ஆனால், கண்ணுக்கெட்டும் அந்த மலைக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் வடக்கே போடிமெட்டையோ தெற்கே கம்பம்மெட்டையோ குமுளியையோ சுற்றித்தான் ஏற வேண்டும். தேவாரத்திலிருந்து நேரே ஏறும் சாக்குலூத்து மெட்டுப் பாதையைச் சாலையாக்க வேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் மேடைகளில் பேசப்பட்டுக் கோரிக்கையாகவே நீடித்துவருகிறது. விடியுமுன் தூக்குவாளியும் பழைய சட்டையுமாக ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, காய் எடுக்கவும் களை வெட்டவும் போய், இருட்டும் வேளையில் திரும்பும் பெண்களை இந்த வட்டாரத்தில் ‘மலைக்குப் போறவங்க’ என்றுதான் சொல்வார்கள். வேறொரு மாநிலத்துக்குப் போகிறவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். அன்றாடம் ஏறி இறங்குபவர்கள் ஒரு வகை. பருவகாலத்தில் சில மாதங்கள் தோட்டத்து வீடுகளிலேயே தங்கிவிட்டுத் திருவிழாவுக்கும் சாவுக்கும் கீழே வருபவர்கள் இன்னொரு வகை. மூன்று நான்கு தலைமுறைக்கு முன்பே போய், தேயிலைத் தோட்டங்களில் ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் மூன்றாம் வகை. முதல் வகையினருக்குச் சட்டத்தின் விடை எளியது: உறங்கும் ஊரே ஓட்டு உள்ள ஊர். வீடற்றவர்களைப் பட்டியலில் சேர்க்கும்போது தேர்தல் ஆணையம் பின்பற்றும் முறையும் இதையே சொல்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவு நேரத்தில், ஒரு முறைக்கு மேல், அந்த இடத்துக்குச் சென்று விண்ணப்பித்தவர் உண்மையிலேயே அங்கே படுத்துறங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நடைபாதையில் கிடப்பவருக்கும் வாக்குண்டு என்று காட்டும் அருமையான விதி இது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஏலத்தோட்டத்துப் பெண்ணின் விழித்திருக்கும் வாழ்க்கை முழுவதும், அதாவது அவள் வாங்கும் கூலி, குடிக்கும் தண்ணீர், ஒதுங்கும் கழிப்பிடம், ஜீப் கவிழ்ந்தால் முதலில் தூக்கிச்செல்லப்படும் மருத்துவமனை, இவை யாவும் அவளுக்கு வாக்கில்லாத ஒரு மாநிலத்தில் தீர்மானிக்கப்படுகின்றன என்பதை அந்த விதி பார்ப்பதில்லை.

மூன்றாம் வகையினரின் கதை நீண்டது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு, மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துப் போனார்கள். கங்காணி என்பவர் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி, தோட்டத்தில் அவர்களை மேய்த்து, துரைக்கும் கூலிக்கும் நடுவே நின்றவர். போடியிலிருந்து குரங்கணி வழியாக மலையேறிக் குண்டளைப் பள்ளத்தாக்கை அடைந்தது ஒரு முக்கியமான தடம். மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் குரங்கணிக்கு இறங்கிய அதே சரிவில் மனிதர்கள் காலால் ஏறினார்கள். இப்படிக் குடியேறியவர்களின் எண்ணிக்கையே, மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது வழக்காயிற்று. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அங்குள்ள தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்துபோகும் நிலையற்ற மக்கள், அவர்களின் தலைகளை எண்ணி மண்ணைத் தீர்மானிக்கலாகாது என்று மறுதரப்பு வாதித்தது. 1956 நவம்பர் 1 அன்று அவ்வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. குளமாவது மேடாவது என்று காமராசர் சொன்னதாக வழங்கும் பேச்சு இன்றும் பள்ளத்தாக்கின் தேநீர்க் கடைகளில் செலாவணியாவது, அந்த இழப்பின் கசப்பு ஆறவில்லை என்பதற்கு அடையாளம். மண் யாருக்கு என்ற அந்த வழக்கின் இரைச்சலில் இன்னொரு செய்தி அமுங்கிப்போயிற்று: வந்துபோகிறவர்கள் என்று எந்த மக்களைச் சொல்லி வாதம் வென்றதோ, அந்த மக்களின் பெயர்கள் புதிய மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் அப்படியே இருந்தன.

அதன் பொருள் என்ன என்பது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் தெரிந்தது. 1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் 126 இடங்களில் கம்யூனிஸ்ட் கட்சி 60 வென்று, சுயேச்சைகள் ஐவரின் துணையோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் ஆட்சி அமைத்தது. இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்த தேவிகுளத்தில் அக்கட்சியின் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தேர்தல் வழக்கில் தீர்ப்பாகவே, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. நூலிழைப் பெரும்பான்மையில் நின்ற ஓர் ஆட்சிக்கு ஒவ்வோர் இடமும் உயிராக இருந்த வேளையில், அந்த இடத்தின் முடிவு லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் கையில் இருந்தது. மலையாளத்தில் அச்சடித்த துண்டறிக்கைகளால் அவர்களை எட்ட முடியாது. அங்கேதான் பண்ணைப்புரம் வரலாற்றுக்குள் வருகிறது.

பாவலர் வரதராசன் பண்ணைப்புரத்துக்காரர், கட்சி ஊழியர், பாட்டுக் கட்டுபவர். பின்னாளில் இளையராஜா என்றும் கங்கை அமரன் என்றும் உலகம் அறிந்த தம்பிகள் அவருடைய குழுவில் பாடியும் வாசித்தும்தான் மேடையைக் கற்றார்கள் என்பதால், அவர் பெயர் பெரும்பாலும் தம்பிகளின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு முன்னுரையாக மட்டுமே நினைக்கப்படுகிறது. அது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. மக்களுக்கு ஏற்கெனவே பாடமாகியிருந்த சினிமா மெட்டிலும் நாட்டுப்புற மெட்டிலும் அன்றைய அரசியலை ஏற்றுவது அவருடைய முறை. காங்கிரசின் சின்னம் அன்று நுகம் பூட்டிய இரட்டைக் காளை. கம்யூனிஸ்டுகளின் சின்னம் கதிர் அரிவாள். எழுத்தறியாத வாக்காளர்களுக்காகச் சின்னங்கள் ஏற்பட்ட தேர்தல் முறையில், காளையையும் கதிரையும் பாட்டுக்குள் கொண்டுவந்து கேலியும் கிண்டலுமாக விளையாடுவதைவிடத் தெளிவான தேர்தல் அறிக்கை இருக்க முடியாது. அந்த இடைத்தேர்தலுக்காக அவர் தேவிகுளத்தில் பாடினார். மாட்டையும் கதிரையும் விட்டு மலையேறிப் போன குடியானவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்டுச் சிரித்த சிரிப்பில், தேர்தலில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற செய்தியோடு, தங்களிடமும் ஒருவன் பாடிக் கேட்க வேண்டியிருக்கிறது என்ற புதிய செய்தியும் இருந்திருக்க வேண்டும். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அந்த வெற்றியில் பெரும்பங்கு பாவலருடையது என்று நம்பூதிரிபாட் பாராட்டியதாகப் பள்ளத்தாக்கில் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்நிகழ்ச்சியை இசை வரலாற்றின் துணைக்கதையாகவோ கட்சி வரலாற்றின் வீரக்கதையாகவோ வாசிப்பதே வழக்கம். அதில் வேறொரு பாடமும் உண்டு. பாடியவருக்குத் தேவிகுளத்தில் ஓட்டில்லை; அவர் சென்னை மாநிலத்து வாக்காளர். கேட்டவர்களுக்கு ஓட்டிருந்தது. மொழியால், சாதியால், உறவால் அவர்கள் பள்ளத்தாக்கின் மக்களாகவே நீடித்தபோதும், வாக்கால் மலையின் மக்களாகிவிட்டார்கள். அதனால்தான் ஒரு முதலமைச்சரின் கட்சி மலைக்குக் கீழே ஆளனுப்பி ஒரு பாட்டுக்காரரை வரவழைக்க நேர்ந்தது. அந்தத் தொழிலாளர்களின் ஓட்டு உத்தமபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ இருந்திருந்தால், ஆர்மோனியப் பெட்டியைச் சுமந்துகொண்டு எவரும் மலையேறியிருக்கமாட்டார்கள்.

இது வெறும் கற்பனை அன்று என்பதற்கு இலங்கை சாட்சி. இதே சீமைகளிலிருந்து இதே கங்காணி முறையில் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் 1947 தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இலங்கையில் பிறந்ததற்கான சான்று கேட்டு அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்களுக்கே வாக்கு என்று சொல்லி வாக்கையும் பறித்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் நடத்திய சத்தியாகிரகம் பலிக்கவில்லை. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரை அடுத்த பேச்சுக்கு ஒத்திவைத்தது. அந்தப் பங்கீட்டில் யாரும் மலையகத்தில் போய் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்பதற்கு ஓட்டு இருக்கவில்லை. நாடற்ற நிலை சட்டப்படி முற்றாக நீங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேவிகுளத்திலும் நுவரெலியாவிலும் ஒரே தேயிலை, ஒரே லயம், ஒரே பேச்சு. வந்தவர்கள் திரும்பிப் போகிறவர்கள் என்ற ஒரே வாதமும் இரண்டு மலைகளிலும் எழுந்தது. கேரளத்து மலையில் அந்த வாதம் வாக்காளர் பட்டியலைத் தொடவில்லை. தொழிலாளி இந்தியக் குடிமகனா, இங்கே குடியிருப்பவனா என்ற இரண்டே கேள்வியோடு பட்டியல் நின்றுகொண்டது.

என்றாலும், வந்தவர் என்ற சொல் அவ்வளவு எளிதில் கழல்வதில்லை. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தேவிகுளம் தொகுதியில் 2021இல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். உறுதிமொழியின் தமிழாக்கத்தில் ஒரு சொல் குறைந்துபோனதால் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய சோதனை நீதிமன்றத்தில் வந்தது. பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக அறிவிக்கப்படுவது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு மாநிலம் மாறியவர் தன் சாதிச் சலுகையைப் புதிய மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே, ராஜாவின் மதம் என்ன என்ற கேள்வியோடு, அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து எப்போது வந்தார்கள் என்ற கேள்வியும் வழக்கில் எழுந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் அவருடைய தேர்தலை ரத்து செய்தது. 2025 மே 6 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி வெற்றியை நிலைநிறுத்தியது. பாட்டன் மலையேறிய ஆண்டு பேரனின் பதவிக்குத் தடையாகுமா என்று இரண்டு நீதிமன்றங்கள் ஆராய்ந்துகொண்டிருந்த அதே நாட்டில், மாநிலங்களவைக்குப் போட்டியிடுபவர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2003இலேயே சட்டத்திருத்தத்தால் அகற்றப்பட்டுவிட்டது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம்.

லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை முகவரி. ஓய்வுபெற்றால் காலிசெய்ய வேண்டும். வாழ்நாள் சேமிப்பில் தேனியிலோ போடியிலோ கம்பத்திலோ ஒரு சிறிய வீடு கட்டிக்கொள்ளும் குடும்பத்தில், பிள்ளைகள் மலையிலும் பெற்றோர் கீழேயுமாகப் பிரிந்திருக்க, ரேஷன் அட்டை ஓரிடம், ஓட்டு வேறிடம் என்று ஆவது இயல்பு. இங்கிருந்தே ‘இரட்டை ஓட்டு’ என்ற குற்றச்சாட்டு பிறக்கிறது. இரு மாநிலங்களிலும் பெயர் வைத்திருப்பவர்கள் இருப்பது உண்மை. கட்சிகளே இரண்டு பக்கமும் பெயர் சேர்த்துவிடுவதும் உண்மை. 2021இல் ஏப்ரல் 6 அன்று இரு மாநிலங்களிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தபோதே இடுக்கியில் இந்தப் புகார் ஓங்கி ஒலித்தது. 2024 மக்களவைத் தேர்தலிலோ தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26 என ஒரு வாரம் இடைவெளி. இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தின் நுனியிலிருந்து முதல் மூட்டுவரை கோடாக வைக்கும் மைசூர் மை ஒரு வாரத்தில் போகாது என்பதால், மெட்டுச் சாவடியில் ஆதார் அட்டையைவிட விரலே நம்பகமான ஆவணமாகிறது. குற்றத்தைத் தடுப்பது சரியே. ஆனால், இரண்டு வாசல் உள்ள வாழ்க்கையில் எந்த வாசலுக்கு வாக்கு என்று தொழிலாளி தானே தேர்ந்துகொள்ள எளிய வழி செய்யாமல், இரண்டு வாசலையும் குற்றத்தின் அடையாளமாகப் பார்ப்பது நிர்வாகத்தின் சோம்பல்.

இந்தச் சிக்கலுக்குத் தேர்தல் ஆணையம் கண்ட விடை வேறு திசையில் போனது. 2022 டிசம்பரில் அறிவித்து, 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளுக்குக் காட்ட முனைந்த தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம், ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகள் வரை வாக்களிக்க உதவும் என்று சொல்லப்பட்டது; எதிர்க்கட்சிகளின் ஐயத்தால் அது நடைமுறைக்கு வரவில்லை. அதன் நோக்கம், வெளியூரில் இருப்பவர் தன் சொந்த ஊர்த் தொகுதிக்கு வாக்கை அனுப்புவது. இதனால் வாக்குச் சதவீதம் உயரலாம். ஆனால் வாழும் இடத்தில் அவருக்கு எந்த வலுவும் கூடிவிடாது. திருப்பூரின் ஒண்டுக்குடித்தன வரிசையில் பத்தாண்டாக இருக்கும் பிகார்க்காரர் தன் வாக்கைத் தர்பங்காவுக்கு அனுப்பிவிட்ட பிறகு, அவர் தெருவின் சாக்கடைக்காக எந்த வார்டு உறுப்பினரும் கவலைப்படப்போவதில்லை. இவ்விஷயத்தில் வேறு நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கின்றன: நியூசிலாந்து 1975 முதல் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கும் நாடாளுமன்ற வாக்கைத் தருகிறது, மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கைக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமகன் எந்த உறுப்பு நாட்டில் வாழ்ந்தாலும் அங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், இந்தியக் கடவுச்சீட்டோடு லண்டனில் படிக்கும் தேனி மாவட்டத்து மாணவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்க முடியும். தன் நாட்டுக்குள்ளேயே மாநிலம் மாறிய தொழிலாளியின் முகவரிச் சான்றோடு இதை ஒப்பிட்டால் சற்று வேடிக்கையாக இருக்கிறது.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிய வேண்டியிருக்கும். 2025 ஆகஸ்டில், பிகாரிலிருந்து வந்த ஆறரை லட்சம் பேர் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படலாம் என்று ப. சிதம்பரம் கவலை தெரிவித்தார். அந்த எண்ணே தவறு என்று ஆணையம் மறுத்தது. எண் ஒரு பக்கம் கிடக்கட்டும். அதையொட்டி எழுந்த பேச்சில், அவர்கள் வந்துபோகிறவர்கள், இம்மாநிலத்து அரசியலைத் தீர்மானிக்க அவர்கள் யார் என்று கேட்ட குரல்கள் ஏராளம். 1950களில் தேவிகுளத்துத் தமிழரைப் பற்றி மறுதரப்பு பேசியதும் இதுதான். ஒரு மாநிலத்தின் அரசியல் பண்பு குறித்த அச்சத்தை அற்பமென்று ஒதுக்க முடியாது. அந்த அச்சத்துக்கு மருந்து வாக்கை மறுப்பதா, பாவலரைப் போல ஒருவரை அவர்கள் மொழியில் பாட அனுப்புவதா என்பதே கேள்வி. இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலும் இப்போது மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து காய் எடுக்கிறார்கள். கேரள அரசு அவர்களை ‘அதிதி தொழிலாளிகள்’ என்று அழைக்கிறது. அதிதி என்றால் விருந்தாளி. மரியாதையான சொல்தான், ஆனால் எந்த வீட்டிலும் விருந்தாளியிடம் குடும்பக் கணக்கைக் கேட்டு முடிவெடுப்பதில்லை.

2025 இறுதியில் இரு மாநிலங்களிலும் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாவது பட்டியலை வீடுவீடாகப் புதிதாக உறுதிப்படுத்தும் பணி, இந்த இரு வாசல் வாழ்க்கையை ஒரு படிவத்துக்குள் திணித்தது. முந்தைய தீவிரத் திருத்தத்தின் பட்டியலில், அதாவது தமிழ்நாட்டில் 2002 அல்லது 2005இலும் கேரளத்தில் 2002இலும் தயாரானதில், தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று வாக்காளர் காட்ட வேண்டும். பெற்றோர் தேவிகுளத்துப் பட்டியலிலும் தான் கம்பத்துப் பட்டியலிலும் இருக்கும் மகள், மலையாளத்தில் அச்சான பழைய பட்டியலில் தமிழ்ப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடியாக வேண்டும். டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை இடம் மாறியோர், முகவரியில் இல்லாதோர் என்ற தலைப்பில் கழிக்கப்பட்டவை. இடம் மாறியவர் மாறிய இடத்தில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதானே என்பது சட்டத்தின் பதில். முகவரி மாற்றத்துக்கு எட்டாம் எண் படிவம் இருக்கிறது. குடியிருப்புக்கு ஒரு சான்றும் வேண்டும். பருவத்துக்கு வரும் தொழிலாளியின் பெயரில் மின்கட்டண ரசீதோ வாடகை ஒப்பந்தமோ எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, தோட்டக் குடியிருப்பில் பிற்காலத்தில் உரிமை கோரிவிடுவாரோ என்று அஞ்சும் முதலாளிகளின் பழைய எச்சரிக்கை.

தேர்தல் நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் அது பொருந்தும், ஆனால் வாக்குரிமை உள்ளவருக்கு மட்டுமே. 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை பள்ளத்தாக்கில் வாக்குப்பதிவு. அன்று ஊரில் நின்று ஓட்டுப் போட்ட பெண்ணுக்கு, எல்லைக்கு அப்பால் தோட்டம் வழக்கம்போல் நடந்ததால், அந்த நாளின் கூலியைக் கேட்டு வாங்குவது எளிதன்று. அடுத்த வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 26, கேரளத்தில் வாக்குப்பதிவு. அன்று தோட்டத்துக்கு விடுமுறை. அங்கே ஓட்டில்லாத அவளுக்கு அந்த விடுமுறையின் சம்பளமும் இல்லை. விரலில் மை இன்னும் கறுப்பாக இருக்க, இரண்டு நாள் கூலியைக் கழித்துக்கொண்டு, சனிக்கிழமை விடியுமுன் மறுபடியும் ஜீப்புக்கு நிற்க வேண்டும்.